ஒரு இன்ச் கிளை, இரண்டு இன்ச் ஆன ஞாயிறு

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அங்கே ஓர் எண்ணெய் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், வெந்நீர் லைனில் ஒரு கிளையைப் பெரிதாக்கும் வேலை வந்தது. மெயின் பைப் 4 இன்ச், 304எல் ரக ஸ்டெயின்லெஸ், ஷெட்யூல் 10எஸ், அதாவது மெல்லிய சுவர். கிளை 1 இன்ச். புது இயந்திரத்துக்கு 2 இன்ச் வேண்டும்.

பழைய கிளையின் முனையில் ரெடியூசர் (அளவு மாற்றும் இணைப்பு) வைத்து 2 இன்ச் பைப்பை இழுத்துவிடலாமே என்றார்கள் சிலர். அப்படிச் செய்தாலும் கழுத்து 1 இன்ச்சாகவே இருக்கும். 2 இன்ச் பைப்பின் உள்பரப்போ ஏறக்குறைய 4 மடங்கு.

எனக்கு வெல்டோலெட் வைக்க ஆசை. மெயின் பைப்பின் மேல் உட்காரவைத்து வெல்டிங் செய்யும் கிளை இணைப்பு அது. மெயினை வெட்ட வேண்டாம். ஒரு துளை, ஒரு சுற்று வெல்டிங், ஒரே ஷிப்டில் வேலை முடியும். வெல்டர் அண்ணன் மறுத்துப் பேசவில்லை. ஸ்டோருக்குப் போய் ஒரு 4 இன்ச் வெட்டுத்துண்டும் ஒரு வெல்டோலெட்டும் எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்.

"ரெண்டோட கனத்தையும் பாருங்க தம்பி."

பைப்பின் சுவர் 3.05 மில்லிமீட்டர். வெல்டோலெட்டின் அடிப்பகுதியோ கட்டை மாதிரி தடியாக இருந்தது. அந்தச் சரிவை நிரப்ப எவ்வளவு கம்பியை உருக்க வேண்டும் என்பதை விரலால் சுற்றிக் காட்டினார். ஸ்டெயின்லெஸ், சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். சூட்டையும் சீக்கிரம் கடத்தாது. சூடு ஒரே பக்கத்தில் தங்கி, ஆறும்போது பைப்பை அந்தப் பக்கமே இழுக்கும். வாழைப்பழம் மாதிரி வளைந்த லைனை அவர் வேறு ஆலையில் பார்த்திருக்கிறார். கனமான சுவருள்ள பைப் என்றால் இன்றும் வெல்டோலெட்டைத்தான் எடுப்பேன். மெல்லிய 10எஸ் பைப்பில், அதுவும் இவ்வளவு பெரிய கிளைக்கு, எடுக்க மாட்டேன். பைப்பை உள்ளே செருகி வெல்டிங் செய்யும் சாக்கெட் வகையும் வேண்டாம் என்று விட்டோம். அதன் இடுக்கில் தண்ணீர் தேங்கினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

சரி, 4க்கு 2 ரெடியூசிங் டீ (4 இன்ச் மெயினும் 2 இன்ச் கிளையும் உள்ள T வடிவ இணைப்பு), முனையோடு முனை சேர்க்கும் பட் வெல்டிங் என்று முடிவானது. டீயின் நீளம் 210 மில்லிமீட்டர். பழைய கிளையை நடுவில் வைத்து வெட்டியதால் பழைய துளையும் அந்தத் துண்டோடே போய்விட்டது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. வெட்டுவதற்கு முன் இருபுறமும் பைப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கினோம், இல்லாவிட்டால் வெட்டிய முனைகள் துள்ளி விலகும்.

ஞாயிற்றுக்கிழமை பாதி நேரம் தண்ணீரோடு போனது. வால்வை மூடியும் சொட்டு நிற்கவில்லை. ஈரம் இருந்தால் காற்றை விலக்க உள்ளே ஆர்கான் வாயு விட்டும் பயனில்லை. வெல்டிங்கின் உள்முகம் கருகிச் சொரசொரப்பாகிவிடும். கீழே இருந்த டிரெயினைக் கழற்றி வடியவிட்டு, துடைத்து, தண்ணீரில் கரையும் காகிதத்தால் இருபுறமும் அடைத்த பிறகுதான் அண்ணன் டார்ச்சைத் தொட்டார். வெல்டிங் கம்பி 308எல் ரகம். கிரைண்டர் தட்டு புதிது, இரும்பில் படாதது.

மெயினின் இரண்டு ஜாயிண்டும் முடிந்ததும், திறந்திருந்த 2 இன்ச் வாய் வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டு டார்ச்லைட் அடித்தார். "வாங்க தம்பி, பாருங்க." உள்ளே மெல்லிய கோடாக, வைக்கோல் நிறத்தில், சுற்றிலும் ஒரே சீராக ஓடியிருந்தது.