அத்தையோடு அயோனாவுக்கு

அத்தை கிளாஸ்கோவுக்கு வந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது, ஒரு நல்ல கோயிலுக்குக்கூட என்னைக் கூட்டிப்போகலையே என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்த தூத்துக்குடிக்காரரை மால் மாலாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்று இரவே ரயில் டிக்கெட் போட்டேன். மே கடைசி வாரம், அயோனா. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கிற சின்னப் புனிதத் தீவு.

முந்தின நாளே ஓபன் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டோம். காலையில் மல் தீவுக்குப் போகிற கப்பல், லாரி, பஸ் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளும் பெரிய சைஸ், 50 நிமிஷப் பயணம். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே காபியோடு உட்கார்ந்திருக்க அத்தை மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது என்னம்மா கடல், குளம் மாதிரில்ல கிடக்கு" என்றார். வழியில் அலைக்கு நடுவே தலையை நீட்டும் ஒரு பாறையைக் காட்டினேன். பழைய காலத்து மக்லீன் குலத் தலைவர் ஒருவர் தன் மனைவியைக் கடல் ஏறும்போது மூழ்கட்டும் என்று அந்தப் பாறையில் விட்டுவிட்டு வந்தாராம், மீனவர்கள் பார்த்துக் காப்பாற்றிவிட்டார்களாம் என்று கதை. அத்தைக்கு ரொம்ப திருப்தி. "பாத்தியா, காப்பாத்துனது யாரு?" என்றார்.

கிரெய்க்னியூரில் இறங்கி பஸ். மல் தீவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடக்க வேண்டும், கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி போகிற ரோடு. எதிரில் கார் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குகிற இடம்வரை நகர்ந்து வழிவிட வேண்டும், விட்டதும் இருவரும் கை தூக்கிக்கொள்ள வேண்டும். அத்தையும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு காருக்கும் கை தூக்க ஆரம்பித்துவிட்டார். ஃபினஃபோர்ட்டில் இறங்கியபோது கடலுக்கு அந்தப் பக்கம் அயோனா தெரிந்த சந்தோஷத்தில், கட்டி எடுத்து வந்த புளிச்சாதப் பொட்டலத்தை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

அயோனா படகு சின்னது, 10 நிமிஷம்தான். ஆனால் அந்த 10 நிமிஷத்தில் அத்தை கேட்ட கடல் கிடைத்தது, படகு ஒருக்களித்து ஒருக்களித்துப் போனது, முன்கதவை இறக்கியபோது அலை வந்து எங்கள் இருவர் ஷூவையும் நனைத்தது. வெளியூர்க்காரர்கள் கார் கொண்டுவர முடியாது. தீவின் நீளம் 5 கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதில் பாதிகூட இல்லை. நடந்தே பார்க்கலாம்.

563இல் அயர்லாந்திலிருந்து 12 பேரோடு ஒரு தோல் படகில் புனித கொலும்பா வந்து சேர்ந்த தீவு இது. அவர்கள் மொழியில் அவர் பெயர் கொலம் கில்லே. கோயில் புறா என்று அர்த்தம். அத்தைக்கு இந்தப் பெயர் அவ்வளவு பிடித்துவிட்டது, அன்று முழுக்க கொலும்பா என்று சொல்லவே இல்லை, கோயில் புறா, கோயில் புறா என்றுதான். இங்கே இருந்த மடத்திலிருந்துதான் ஸ்காட்லாந்தின் பெரும்பகுதிக்கு வேதம் போனது.

படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வெள்ளை மணல் குடா. 806இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர்கள் வந்து 68 துறவிகளை வெட்டிப்போட்ட இடம் இதுதான் என்று சொல்வார்கள். நாங்கள் போனபோது இரண்டு குழந்தைகள் வாளியோடு மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஜெபமாலையை வெளியே எடுத்து ஒரு பத்து மணி சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அப்புறம் கன்னியர் மடம், 1200 வாக்கில் கட்டியது, ரோஸ் நிறக் கல், கூரை கிடையாது, சுவர் இடுக்கெல்லாம் பூச்செடி. பக்கத்து வயலில் ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது, சீப்பின் பல்லில் நகத்தை வைத்து இழுத்தால் வருமே, அதே சத்தம். கார்ன்கிரேக். ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு இங்கே வருகிறது. கடைசிவரை கண்ணில் படவில்லை.

ஓரான் கல்லறைத் தோட்டத்தில் ஸ்காட்லாந்தின் 48 ராஜாக்கள் இருக்கிறார்கள் என்று மரபு, மக்பெத் உட்பட. அவர்கள் கல்லைத் தேடினால் ஒன்றும் அடையாளம் தெரியாது. 1994இல் இறந்த தொழிற்கட்சித் தலைவர் ஜான் ஸ்மித்தின் கல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஓரான் கொலும்பாவின் கூட்டாளித் துறவி, அவரை உயிரோடு புதைத்த கதை ஒன்று உண்டு, அதை அத்தையிடம் நான் சொல்லவில்லை.

பெரிய கோயிலுக்கு முன்னால் புனித மார்ட்டின் சிலுவை நிற்கிறது. ஒரே கல், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல், 8ஆம் நூற்றாண்டில் நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது. மழை நின்று வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் உருவங்கள் தெளிந்தன. வட்டத்துக்கு நடுவில் மாதாவும் குழந்தையும், முகம் தேய்ந்து வழுவழுவென்று. "அடடா, இங்கயும் வந்துட்டாங்க" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோயில் உள்ளே கம்பீரம்தான், பச்சை ஓடிய உள்ளூர்ப் பளிங்கில் பீடம். பாழடைந்து கிடந்த மடத்துக் கட்டடங்களை 1938இலிருந்து ஜார்ஜ் மக்லியோட் என்ற போதகர் கிளாஸ்கோவில் வேலையில்லாமல் இருந்த கைத்தொழிலாளிகளைக் கூட்டிவந்து எழுப்பினார். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அத்தை அங்கே அதிகம் நிற்கவில்லை. வாசலுக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், அதுதான் கொலும்பாவின் கல்லறை இருந்த இடம் என்கிறார்கள். வைக்கிங்குகளுக்குப் பயந்து 849இல் அவருடைய அருளிக்கங்களை, அதாவது எலும்பு முதலான புனித மிச்சங்களைப் பிரித்து அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்தின் உள்பகுதிக்கும் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது உள்ளே ஒன்றும் இல்லை அத்தை என்றேன். "இருந்த இடம்தானே" என்று தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் வெளியே நின்று காற்றில் நடுங்கினேன்.

எதிரே ஒரு பாறை மேடு, டோர் அன் ஆபா. முட்டி வலியோடு ஏறிவிட்டார். கொலும்பா உட்கார்ந்து எழுதிய குடிசை இங்கே இருந்ததாகப் பேச்சு. 1957இல் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டுகள் தீப்பெட்டிகளில் போட்டபடி பல வருஷம் ஒரு ஆய்வாளர் வீட்டில் கிடந்து, 2017இல் சோதித்தால் அவர் காலத்தோடு சரியாக ஒத்துப்போனது. 597இல் அவர் கடைசியாகச் சங்கீதம் ஒன்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தாராம், ஆண்டவரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நன்மையும் குறையாது என்ற வரி வந்ததும் மீதியை இன்னொருவர் எழுதட்டும் என்று நிறுத்திவிட்டார். அன்று நள்ளிரவில் பீடத்தின் முன்னாலேயே இறந்தார். அன்று பகலில் மடத்துக்குப் பால் சுமக்கும் வெள்ளைக் குதிரை அவர் மடியில் முகத்தை வைத்து அழுததாம். இதைக் கேட்டதும் அத்தையும் அழுதுவிட்டார்.

புளிச்சாதம் போனதால் சூப்பும் ரொட்டியும். திரும்பும் படகுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு கதை சொன்னேன். கொலும்பா ஒரு துறவியைக் கூப்பிட்டு, மூன்றாம் நாள் நம்ம ஊரிலிருந்து ஒரு கொக்கு காற்றில் அடிபட்டுக் களைத்துப்போய்க் கரையில் வந்து விழும், அதைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்று நாள் சோறு போட்டுப் பார்த்துக்கொள், அப்புறம் அதுவே அயர்லாந்துக்குப் போய்விடும் என்றாராம். அப்படியே நடந்ததாம்.

அத்தை கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"மூணே நாளா?"

"ஆமாத்தை. தெம்பு வந்ததும் பறந்துருச்சாம்."

"நான் அஞ்சு மாசமா தின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தவர், படகின் கதவு சிமெண்டில் உரசி இறங்குகிற சத்தம் கேட்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.