பதினொரு பேர், ஒரு வேன், ஒரு நாற்காலி

நாளைக்கு வெளியூர் போகிறோம் என்றால், இன்றைக்குச் சாயங்காலமே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். காலையில் அரை டம்ளர் காப்பி, அதுவும் மாத்திரை போடுவதற்காக. வயது 72. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறது. முட்டி மடங்காது, அதனால் தரையோடு இருக்கிற கழிப்பறையில் உட்கார முடியாது. போன வருஷம் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மேலூர் பக்கத்தில் மயக்கம் வந்து, வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: உடம்பில் தண்ணீர் இல்லை.

இதே அம்மாதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் டல்லாஸில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது நான்கு நாள் காட்டுக்குள் சுற்றிவிட்டு வந்தார். அண்ணன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் வீடு ஒன்றை மாட்டி இழுத்துக்கொண்டு போவான். 24 அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தில் அம்மா அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: "போற எடமெல்லாம் கக்கூஸு கூடவே வருதுத்தா."

2025 ஜூலையில் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். எல்லோரும் சேர்ந்து நான்கு நாள் போக வேண்டும் என்று அங்கிருந்தே முடிவு செய்துவிட்டான். டிரெய்லருக்கு இங்கே எங்கே போவது? பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் 'கேரவான்' திட்டம் அறிவித்தார்களே, அந்த மாதிரி வண்டி கிடைக்குமா என்று முதலில் விசாரித்தோம். அதில் நாலைந்து பேர் படுக்கலாம். நாங்கள் பதினொரு பேர்: அம்மா, சித்தி, சித்தப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், நான், என் வீட்டுக்காரர், மகன், நாத்தனார். சரி, வேன்தான் என்று ஆயிற்று.

அண்ணன் அங்கே கற்றுக்கொண்ட சங்கதி ஒன்று சொன்னான். டிரெய்லர்காரர்களுக்கு 3-3-3 என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்கு. 300 மைல் என்றால் 480 கிலோமீட்டர். நம் ரோட்டில், நம் அம்மாவோடு அது நடக்காது. 180 கிலோமீட்டர் என்று குறைத்தோம். மூன்று நாள் தங்கல் ஒரு ராத்திரியானது. மூன்று மணிக் கணக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விதி அதுதான். வெளிச்சத்திலேயே அறைக்குப் போய்விட்டால், அறை சரியில்லை என்றாலும் வேறு பார்க்க நேரம் இருக்கும்.

திங்கள் மதுரையிலிருந்து கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். செவ்வாய் கடற்கரை ரோட்டிலேயே கன்னியாகுமரி. புதன் திருநெல்வேலி, தென்காசி வழியாகக் குற்றாலம். வியாழன் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை. ஜூலை 7-ல் திருச்செந்தூர் கும்பாபிஷேகம் என்பதால் மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளினோம். சனி, ஞாயிறு குற்றாலத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அடுத்த கணக்கு. சாரல் காலத்தில் வாரக் கடைசியில் அங்கே அருவியைவிடத் தலைகள் அதிகம்.

வேன் பிடிப்பதில் இரண்டு விதம். கிலோமீட்டர் கணக்கு, இல்லையென்றால் நாள் வாடகை. 17 சீட் ஏசி வேனுக்கு ஒருவர் கிலோமீட்டருக்கு 22 ரூபாய் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று அடுத்த வரியில் வந்தது. நாங்கள் ஓடப்போவது நான்கு நாளும் சேர்த்து 640 தான். 1,000 கிலோமீட்டருக்குக் காசு, அதாவது 22,000. இன்னொருவர் நாள் வாடகை 3,000, டீசல் நம்முடையது என்றார். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் 71 லிட்டர், அப்போது லிட்டர் 93 ரூபாய் சொச்சம். எல்லாம் சேர்த்துச் சுமார் 18,600-ல் முடியும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் இரண்டிலும் ஒன்றுதான். கொஞ்ச தூரம் ஓடி அதிக நாள் நிற்கிற பயணத்துக்கு நாள் வாடகைதான் கட்டும். 3,400 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை என்ன ஆனது என்பது கடைசியில் வரும்.

மஞ்சள் போர்டு வண்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வண்டி, வெள்ளை போர்டுதான், பாதிக் காசு போதும் என்று ஒருவர் வந்தார். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம் எங்கள் உண்மையான பிரச்சினைக்கு வந்தோம். எங்கே சாப்பிடுவது என்று கேட்டால் ஆயிரம் பேர் சொல்வார்கள். பெண்கள் எங்கே ஒதுங்குவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாத்தனார் மகன் மருந்துக் கம்பெனியில் ரெப். மாதம் பாதி நாள் ரோட்டில் இருப்பவன். அவனைப் பிடித்தேன்.

"ஆம்பளைங்க பக்கம்னா இப்பவே சொல்லிருவேன் அத்தே. பொம்பளைங்க பக்கத்துக்கு எங்க டீம்ல ஒரு மேடம் இருக்காங்க, கேட்டு வாங்கித் தாரேன்" என்றான்.

மறுநாள் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது. நான் பார்த்ததிலேயே உருப்படியான சுற்றுலாக் கையேடு அதுதான். அருப்புக்கோட்டைக்கு முன்னால் எந்த ஓட்டலில் வெஸ்டர்ன், அதாவது நாற்காலி மாதிரி உட்காருகிற கழிப்பறை இருக்கிறது, எட்டயபுரம் பைபாஸில் எந்தப் பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எதில் கதவு உண்டு, ஆனால் கொண்டி கிடையாது, எதில் சாவியை மேனேஜரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று வரிவரியாக இருந்தது. ஓர் இடத்துக்கு நேரே 'அவசரம்னா மட்டும்' என்று எழுதியிருந்தார். அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, நன்றாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் என்றால் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும், டீசல் போடாவிட்டாலும் கேட்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒரே குறை. அவருடைய ஏரியா திருச்செந்தூரோடு முடிகிறது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 90 கிலோமீட்டர் கடற்கரை ரோடு எங்களுக்குக் குருட்டு வழி.

அதற்கு என்ன செய்வது என்றதும், டிரெய்லர் சாமான் கடைகளில் விற்கிற, கையோடு கொண்டுபோகிற கழிப்பறைகளின் படங்களாக அண்ணன் போனில் அனுப்பினான். நான் பெரியாஸ்பத்திரி எதிரே இருக்கிற சர்ஜிக்கல் கடைக்குப் போய், மடக்குகிற கமோட் நாற்காலி ஒன்று 2,300 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். நடுவில் ஓட்டை, அடியில் மூடி போட்ட வாளி. நர்சரியில் செடிக்குப் போடும் தென்னை நார்த்தூள் கட்டி ஒன்றும் வாங்கி, உடைத்து உலர்த்தி, டப்பாவில் அடைத்துக்கொண்டேன். வாளிக்குள் பை போட்டு அதில் இரண்டு கை நார்த்தூள் போட்டால் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும், வாடையும் வராது. அங்கே இதற்குப் பூனை மணல் போடுவார்கள் என்றான் அண்ணன். நம்மிடம் நார்த்தூள் இருக்கிறது.

நாற்காலியைப் பார்த்ததும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. "என்னைய சீக்காளி ஆக்கிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பதில் சொல்லவில்லை. நாற்காலியைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினேன்.

சாமான் ஏற்றியது அண்ணன். டிரெய்லரில் பாரத்தின் 60 சதவீதம் அச்சுக்கு முன்பக்கம் இருக்க வேண்டுமாம். பின்னால் கனம் கூடினால் வால் ஆடுகிற மாதிரி ஆடி இழுக்கிற வண்டியையும் சாய்த்துவிடும். வேனுக்கு அந்த ஆபத்து இல்லைதான். ஆனாலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். துணிப்பைகள் கடைசி வரிசையில். மேல் கேரியரில் எதுவும் ஏற்றவில்லை. டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். பார்த்துக்கொண்டே நின்றவர், "முப்பது வருசமா ஓட்டுறேன், எல்லாரும் கேனைத்தான் மொத மேல ஏத்துவாங்க" என்றார்.

முதல் நாள் பட்டியல்படியே ஓடியது. ஆறு மணிக்கு மதுரை திருநகர் வீட்டிலிருந்து கிளம்பி, ஏழேகாலுக்கு அருப்புக்கோட்டைக்கு முன்னால் முதல் நிறுத்தம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். தூத்துக்குடியில் மக்ரூன். புளிசாதம் வண்டியிலேயே. இரண்டு மணிக்குத் திருச்செந்தூர். லாட்ஜில் 'கீழ் ரூம், வெஸ்டர்ன்' என்று போனில் இரண்டு முறை உறுதி செய்திருந்தேன். கீழ் ரூம்தான். ஆனால் வாசலிலிருந்து அதற்கு ஏழு படி, பிடிக்கக் கம்பி இல்லை. இனிமேல் எந்த மாடி என்று கேட்கப் போவதில்லை, படி எத்தனை என்றுதான் கேட்பேன். அதேபோல் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். ராத்திரி சீட்டில் சுருண்டு கிடந்தவர் மறுநாள் ஓட்டுகிற வண்டியில்தான் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா அன்றும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. பட்டியலைப் படித்துக் காட்டினேன், நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை குலசேகரன்பட்டினம், மணப்பாடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் பனை, சிவப்பு மண். உவரிக்கு இன்னும் தூரம் இருந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை, முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். சித்திதான் கண்டுபிடித்தார். "வண்டிய நிறுத்துங்கப்பா."

டிரைவர் அண்ணன் ரோட்டிலிருந்து யார் பார்வையும் படாத மாதிரி வண்டியை ஓரத்தில் குறுக்காக ஒதுக்கி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஆண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார். நானும் அண்ணியும் கதவுக்கும் இரண்டு பனைக்கும் நடுவே பழைய நூல் சேலை இரண்டைக் கட்டினோம். நாற்காலியை விரித்தோம். மணலில் கால் புதைந்து ஆடியது. ரப்பர் மிதியடி ஒன்றை அடியில் போட்டதும் நின்றது. அம்மா அசையவில்லை.

"நீ செத்த இருக்கா, நான் மொத போயிட்டு வந்து சொல்றேன்" என்று சித்தி உள்ளே போனார். சேலைக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது: "சிம்மாசனம் கணக்கா இருக்குக்கா!"

அண்ணி சிரிப்பை அடக்கச் சேலை முடிச்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அம்மா போனார். அதற்கப்புறம் நாத்தனார், அண்ணி, நான். பையை முடிந்து குப்பைத்தொட்டி வரும்வரை வாளியிலேயே மூடி வைத்தோம். மொத்தம் கால் மணி நேரம்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், "அந்தப் பாட்டிலக் குடு" என்று அம்மா கேட்டார். அண்ணாந்து அரைப் பாட்டில் குடித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன், "எங்க வீட்லயும் இப்படித்தான் தங்கச்சி, எங்கயும் கூட்டிப் போனா தண்ணியே குடிக்காது. அந்தச் சேர் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

கன்னியாகுமரியில் படகுக்கு ஒன்றரை மணி நேர வரிசை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் பிள்ளைகள் மூன்று முறை நடந்தார்கள். சித்தப்பா ஓரத்துக் கம்பியை விடவே இல்லை. குற்றாலத்தில் போன அன்று வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை. விசில் ஊதினால் வாதாடாமல் நகர்ந்துவிட வேண்டும், மேலே மலையில் பெய்வது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. மறுநாள் விடிகாலை திறந்துவிட்டார்கள். அம்மா கால் மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தார். ஒரு நாளுக்கு ஒரு ஊர் என்று வைத்ததால்தான் அந்தக் காலை எங்களுக்கு மிச்சமிருந்தது.

அந்த 3,400 ரூபாய்ப் பெருமைக்கு வருகிறேன். திங்கள்கிழமை வண்டி வரும்போது டீசல் முள் சிவப்பில் கிடந்தது. திருநகர் பங்கில் 60 லிட்டர் போட்டோம். புதன்கிழமை திருநெல்வேலியில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம் என்று 45. வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டிப் பார்க்கிறேன், முள் பாதிக்கு மேல் நிற்கிறது. முப்பது லிட்டருக்கு மேல், அதாவது மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிற டீசல். வண்டிக்காரருக்குப் போன் போட்டால், "அதெல்லாம் வழக்கம் இல்லம்மா" என்றார். எந்த அளவில் வாங்கினோமோ அந்த அளவில் ஒப்படைப்பது என்று முதலிலேயே பேசி, முள்ளைப் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். கடைசி நாளில் பத்துப் பத்து லிட்டராகப் போட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் மாதக் கடைசியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் இன்னும் இதைச் சொல்லிக் காட்டுகிறார்.

நாற்காலி இப்போது வீட்டில் இல்லை. பழனிக்குப் போகிறோம் என்று சித்தி வாங்கிக்கொண்டு போனார், அங்கிருந்து நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறது. நார்த்தூள் டப்பா மட்டும் இங்கே இருக்கிறது, அதில் பாதியை அம்மா கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டுவிட்டார்.