ஃப்ளோ இறங்கினால் முதலில் டியூபைப் பாருங்கள்

எக்மோவில், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷினில், ஃப்ளோ (நிமிடத்துக்கு ஓடும் ரத்தத்தின் அளவு) குறைந்ததும் புதிதாக வந்தவர்களின் கை நேரே பம்பின் சுழல் வேகத்தைக் கூட்டும் ஆர்.பி.எம். குமிழுக்குத்தான் போகும். பெரும்பாலும் அது தப்பு. சுழன்று தள்ளும் இந்த சென்ட்ரிஃபியூகல் பம்ப், தன்னிடம் வந்து சேரும் ரத்தத்தைத்தான் தள்ளும். செட்டிநாட்டுக் கோடையில் ஊற்று வற்றிய கிணற்றில் மோட்டாரைப் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரத்து இல்லாதபோது வேகத்தைக் கூட்டினால் சிரையின் சுவர், அதற்குள் செருகிய குழாயான கேனுலாவின் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோ இன்னும் இறங்கும்.

ரத்தத்தை பம்புக்குக் கொண்டுவரும் சிரை லைன் உதறுகிறதா? அப்படியென்றால் வரத்து போதவில்லை. பம்புக்கு முந்தைய அழுத்தம் மைனஸ் 100 மி.மீ.-ஐத் தாண்டி இறங்கினால் சிவப்பணுக்கள் உடையும் அபாயம் கூடும். உடைந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். ஆர்.பி.எம்.மை 100, 200 குறைத்துப் பாருங்கள். உதறல் அடங்கி, பல நேரம் ஃப்ளோ கூடவும் செய்யும். அப்புறம் காரணத்தைத் தேடலாம்: ரத்தக்கசிவு, மடிந்த டியூப், இருமல், இதயத்தைச் சுற்றித் தேங்கிய ரத்தம், நெஞ்சுக்கூட்டில் அடைத்த காற்று. பார்க்காமலே சலைன் ஏற்றுவது சோம்பேறி வைத்தியம்.

உதறல் இல்லாமல் ஃப்ளோ இறங்கினால் சிக்கல் பம்புக்கு அப்பால். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறினால் உள்ளே ரத்தக்கட்டி சேர்கிறது. டார்ச் அடித்தால் மூலைகளில் கருப்பாகத் தெரியும். இரண்டு அழுத்தமும் சேர்ந்து ஏறினால் திரும்பும் லைன் மடிந்திருக்கலாம், அல்லது சிரையில் எடுத்த ரத்தத்தைத் தமனியில் திருப்பும் வி.ஏ. எக்மோவில் நோயாளியின் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம்.

வி.ஏ.வில் கிலோவுக்கு நிமிடம் 60 மி.லி. என்பது தொடக்கக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 3.6 லிட்டர். உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் இறங்கினால் அது போதும். அதற்கு மேல் தள்ளினால் பலவீனமான இடது கீழறையால் அந்த அழுத்தத்தை எதிர்த்து அயோர்ட்டிக் வால்வைத் திறக்க முடியாது. மானிட்டரில் ரத்த அழுத்த அலை தட்டையாகும், நுரையீரலில் நீர் கோக்கும், இதய அறைக்குள் ரத்தம் உறையும். 'மெஷின் நல்லா ஓடுதே தம்பி, பின்னே ஏன் நாடி தெரியல?' என்று ஆச்சி கேட்பது சரியான கேள்விதான்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கு எக்மோவோடு கொண்டுபோவதானால் சுமார் இரண்டு மணி நேரம். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் ஆக்சிஜன். ஸ்வீப் (ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயு) நிமிடம் 4 லிட்டர், வென்டிலேட்டர் 8 லிட்டர் என்றால் 125 நிமிடத்தில் தீரும். இரண்டாவது சிலிண்டர் கட்டாயம். வழியில் பம்ப் நின்றால் முதலில் தமனி லைனில், அதாவது ரத்தம் உடலுக்குத் திரும்பும் லைனில், கிளாம்ப். இல்லையேல் ரத்தம் பின்னோக்கி ஓடும். பம்பைக் கையால் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றி வேகம் வந்த பிறகே கிளாம்பைத் திறக்க வேண்டும்.