சாவி என்னிடம் வரும் நாள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வங்கிக் கிளை. நான் கிளார்க்காகச் சேர்ந்த இடம். பத்தொன்பது வருஷம் கழித்து அங்கேயே மேனேஜராக வந்தேன். முதல் நாள் மதியம் பழைய நினைப்பில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்பக்க மேஜைக்குப் போனேன். பேச்சு சட்டென்று நின்றது. "உட்காருங்க மேடம்" என்று நாற்காலியை நகர்த்தியவள், ஒரு காலத்தில் என் டப்பாவில் கைவிட்டு வத்தக்குழம்பு சாதத்தை எடுத்துத் தின்றவள். நடுவில் இரண்டு கிளை மாறி அவளும் இங்கேயே திரும்பியிருந்தாள். மறுநாளிலிருந்து கேபினிலேயே சாப்பிடுகிறேன்.

பொதுத்துறை வங்கியில் பிரமோஷன் வந்தால் கூடவே டிரான்ஸ்பரும் வரும். கிளார்க்காக இருக்கும்வரை பெரும்பாலும் ஊரைச் சுற்றியே காலம் தள்ளிவிடலாம். ஆபீஸர் ஆகிவிட்டால் இந்தியாவில் எங்கே போடுவார்களோ தெரியாது. அதற்குப் பயந்தே பிரமோஷன் வேண்டாம் என்றவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள். அவளும் அப்படித்தான். "உனக்குத் துணிச்சல் போதாது" என்று அப்போது சொன்னேன். திமிர்தான், வேறென்ன.

எனக்குப் பாட்னா கிடைத்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அங்கேதான் இருந்தேன். 10ஆம் தேதி விடியும் முன்பே வாசலில் வரிசை. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கணக்கு ஒத்துவந்தது. யாரிடமாவது தமிழில் ஒரு "அப்பாடா" சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் தூங்கிவிட்டாளாம்.

பணம் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீஸரிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். ஒருவர் வராவிட்டாலும் திறக்க முடியாது. எங்கள் ஹெட் கேஷியர் அவள்தான். போன மாதம் மூன்று நாள் தாமதமாக வந்தாள். கவுண்டர் முன்னால் சத்தம். மாமியார் படுத்த படுக்கை என்று எனக்குத் தெரியும், இருந்தும் மெமோ கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அதற்குப் பதில் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அசிஸ்டென்ட் மேனேஜர் லீவு போட்டால் ஆபீஸர் சாவி என்னிடம் வரும். அன்றைக்குக் காலையும் மாலையும் அந்த இரும்புக் கதவுக்குள் நாங்கள் இருவர் மட்டும். நேற்று நோட்டுக் கட்டுகளை எண்ணி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "இன்னிக்கு என்ன குழம்பு?"

அசிஸ்டென்ட் மேனேஜருக்கு அடுத்த வாரமும் இரண்டு நாள் லீவு வேண்டுமாம். வழக்கமாக ஏன், எதற்கு என்று கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை.