மஞ்சக்காணியின் நான்கெல்லை

என் தாத்தாவை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா. கணவர் இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. எங்கள் வீட்டில் அவரைப் பெரியாயா என்பார்கள். எந்த ஊரில் பிறந்தார், யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. தாத்தா மட்டும் ஒரு சங்கதி சொல்வார். தை பிறந்து கொஞ்ச நாளில் காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பர்கூர் பக்கத்து எங்கள் ஊருக்கு ஒரு மாட்டுவண்டி வருமாம். வண்டிக்காரர் கேழ்வரகு மூட்டையை இறக்குவார், மோர் குடிப்பார், போய்விடுவார். யார் அனுப்புகிறார்கள் என்று சின்னப் பையனிடம் யாரும் சொல்லவில்லை.

போன வருடம் அப்பாவின் தகரப் பெட்டியில் பெரியாயா பெயரில் ஒரு பழைய பதிவு ரசீது கிடைத்தது. அதில் புத்தகம் 3 என்று இருந்தது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் ஏறும். 3ஆம் புத்தகம் உயில்களுக்கு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை வேறு யாருக்கும் தர மாட்டார்கள். இறந்த பிறகு யார் கேட்டாலும் தரலாம். அதனால் அவர் இறந்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். பழைய இறப்புப் பதிவேட்டைத் தேடி, மனு எழுதி, மூன்று நடை நடந்த பிறகு நகல் கைக்கு வந்தது.

1920களின் கடைசியில் எழுதிய உயில். 'சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலூகா' என்று தொடங்கி, 'காலஞ்சென்ற இன்னாரின் பாரியாள்' என்று அவரை அறிமுகப்படுத்துகிறது. அப்பா பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயரெழுதத் தெரியாதவர் என்பதால் கடைசியில் கைநாட்டு. அதுவும் நகலில் வெறும் எழுத்தாகத்தான் இருக்கிறது. அவருடைய ரேகையையாவது பார்த்துவிடலாம் என்று நம்பிப் போன எனக்கு அந்த இடத்தில் மனசு கனத்தது.

உயிலில் உள்ள சொத்து ஒன்றே ஒன்று: ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலான புஞ்சை, கிணற்றில் பாதி பாத்தியம். கணவர் வீட்டு நிலம் துளியும் இல்லை. அந்தக் காலச் சட்டம் அப்படி. கூட்டுக்குடும்பத்தில் கணவன் இறந்தால் அவன் பங்கு பங்காளிகளுக்குப் போகும், விதவைக்கு ஜீவனாம்சம்தான். தனியாகப் பிரிந்தவன் சொத்து மனைவி கைக்கு வந்தாலும் அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாமே தவிர, உயில் எழுத முடியாது. 1937இல் வந்த சட்டம் கணவன் பங்கில் விதவைக்கு உரிமை தந்தது, ஆனால் அதுவும் ஆயுள் மட்டும்தான். முழு உரிமை 1956இல்தான் வந்தது. பெரியாயா தன் இஷ்டப்படி கொடுக்கக்கூடியதாக இருந்தது கல்யாணத்தின்போது பிறந்த வீடு கொடுத்த மஞ்சக்காணி மட்டும்.

அந்த மஞ்சக்காணிதான் எனக்கு வழிகாட்டியது. நிலத்தைச் சொன்னால் நான்கெல்லையும் சொல்லியாக வேண்டும் அல்லவா? வடக்கே 'என் தம்பி' புஞ்சை, மேற்கே 'என் தங்கை புருஷன்' புஞ்சை என்று பெயரோடு எழுதியிருந்தார்கள். அவரை இன்னார் பெண் என்று சொல்ல மறந்த பத்திரம், நிலத்துக்கு எல்லை சொல்லும் சாக்கில் பிறந்த வீட்டையே வரிசையாக நிறுத்திவிட்டது. வம்சம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாட்சிக் கையெழுத்துக்கு முன்னால் எல்லைகளைப் படியுங்கள்.

நிலம் தம்பி மகளுக்கு. அதன் விளைச்சலில் வருடம் பத்து வள்ளம் (பழைய தானிய அளவு) கேழ்வரகை, 'என் கொழுந்தன் மகன்' மேஜராகும்வரை அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. கொழுந்தன் மகன் என்றால் என் தாத்தா! அந்த வரியைப் பேருந்தில் படித்தேன். அப்புறம் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சரி, நிலத்தைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் பக்கம்தான், பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. கோட்டை மலை கொஞ்ச தூரம் முதுகுப் பக்கம் தெரிந்தது, பிறகு மாந்தோப்புகள், தென்னை, தென்பெண்ணை. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது உட்பிரிவுகள் மாறிவிட்டன. கிராம நிர்வாக அலுவலர் பழைய எண்ணையும் புது எண்ணையும் பொறுமையாக ஒத்துப் பார்த்துத் தந்தார். பட்டா இன்னும் அந்தத் தம்பி மகளின் வம்சத்தில்தான் இருந்தது.

அந்தத் தம்பி மகளின் மகளுக்கு இப்போது எண்பதுக்கு மேல். திண்ணையில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். நான் உயிலைப் படித்துக் காட்ட, கேட்டுக்கொண்டே விரல் மடக்கி முறை கணக்குப் போட்டார்.

"உங்க தாத்தனுக்கு எங்கம்மா முறைப்பொண்ணு. அப்ப நான் உனக்கு அத்தை. ஏன் தம்பி வெளியிலயே நிக்கிற?"

வண்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. ஆனால் வானம் பொய்த்த ஒரு வருடம் தன் அம்மா பக்கத்து ஊரில் கடனுக்குக் கேழ்வரகு வாங்கி வண்டி கட்டினார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "அத்தை சொல்லிட்டுப் போன வார்த்தை"யாம்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்ட பிறகு கிணற்றுக்குக் கூட்டிப்போனார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிய கல்தூண்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, இப்போது இறைப்பது மோட்டார். தண்ணீர் ஆழத்தில் இருந்தது. வடக்கு எல்லை எது என்று அத்தை கைநீட்டிக் காட்டினார். மேற்கே யார் என்று கேட்டேன். அந்தத் தங்கை குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு, தங்கச் சுரங்க வேலைக்குக் கோலார் போய்விட்டதாம். அங்கே போனவர்களிடமிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகை பரணில் கிடக்கிறது, அடுத்த முறை வரும்போது எடுத்து வைக்கிறேன் என்றார்.