பாட் வில்ட்பாடில் வெந்நீர் இருந்தது, டாக்டர்தான் இல்லை

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் பெட்டி கட்டிவிடாதீர்கள். மருத்துவ இன்சூரன்ஸ் உதவியோடு ஜெர்மனியில் 'கூர்' (வெந்நீர் ஊற்று போன்றவை உள்ள சிகிச்சை ஊரில் சில நாள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்வது) போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். முதலில் அந்த ஊரின் கூர் டாக்டரிடம் டெர்மின் (முன்பதிவு நேரம்), அப்புறம் அறை, அதற்கும் அப்புறம்தான் ரயில். இந்த வரிசையை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் சொன்னதோ வேறு.

கிளினிக்கிலேயே படுக்கை தரும் ரீஹாவைப் (மறுவாழ்வு சிகிச்சை) பற்றி நான் பேசவில்லை. நாமே ஒரு கூர் ஊரில் அறை எடுத்துத் தங்கி, அங்குள்ள கூர் டாக்டர் எழுதித் தரும் சிகிச்சைகளை எடுத்துக்கொள்வது. பழைய ஆட்கள் 'திறந்த கூர்' என்பார்கள். டாக்டர் செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். மசாஜ், பயிற்சி போன்றவற்றில் பத்து சதவீதமும், ஒவ்வொரு மருந்துச்சீட்டுக்கும் 10 யூரோவும் நம் பங்கு. அறை, சாப்பாடு, பயணம், கூர் ஊர் விருந்தினரிடம் வாங்கும் ஊர் வரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் 16 யூரோ தருவார்கள். மிச்சம் நம் பாக்கெட். அதோடு இதற்குச் சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது, வருட லீவில்தான் போக வேண்டும். இது தெரியாமல் மேலாளரிடம் போய்ப் பேசிவிடாதீர்கள்.

முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கி முதுகு போனவள் நான். குடும்ப டாக்டர் கூருக்கு விண்ணப்பிக்கும் 'மூஸ்டர் 25' படிவத்தைப் பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார். இன்சூரன்ஸிடமிருந்து மறுப்புக் கடிதமும் அதே வேகத்தில் வந்தது: "சொந்த ஊரிலேயே பிசியோதெரபி செய்துகொள்ளலாம்." போன் செய்தால், "இது எங்கள் விருப்பத்தைப் பொறுத்த விஷயம்" என்றார் இன்சூரன்ஸ் அலுவலக அம்மா. 2021க்கு முன்னால் என்றால் அது சரி. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்திய பிறகு, மருத்துவத் தேவை இருந்தால் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். ஜெர்மன் சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் புத்தகம், பிரிவு 23. உள்ளூர்ச் சிகிச்சை போதவில்லை என்றாலும் சரி, வேலை அல்லது குடும்பச் சூழலால் உள்ளூரில் அதைச் செய்ய முடியவில்லை என்றாலும் சரி என்று அதிலேயே இருக்கிறது. இந்த இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. என் ஷிப்ட் அட்டவணையை நகலெடுத்து, பிசியோ நிலையத்தில் டெர்மின் கிடைத்த நேரங்களையும் என் வேலை நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரு மாதக் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினேன். குடும்ப டாக்டரும் இரண்டு வரி சேர்த்துத் தந்தார். அனுமதி வந்துவிட்டது. "விருப்பம்" என்ற பேச்சு அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

"டாக்டர் விஷயம்?" என்று அதே அம்மாவிடம் கேட்டேன். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கூர் ஊர்தானே." இந்தப் பதிலை நம்பித்தான் அறை போட்டேன்.

நான் தேர்ந்தெடுத்த கூர் ஊரான பாட் வில்ட்பாட், கருங்காட்டின் (பிளாக் ஃபாரஸ்ட்) வடபகுதியில், என்ஸ் ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் எஸ்6 ரயில் ஏறினால் ஆற்றை ஒட்டியே போய், கடைசியில் டிராம் மாதிரி கடைத்தெருவுக்குள் நுழைந்து கூர் பூங்கா வாசலில் இறக்கிவிடும். இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்க மரம். வெயில் ஊருக்குள் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுகிறது. பயணத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை மறுநாள் காலையில் தொடங்கியது. கூர் டாக்டரின் கண்ணாடிக் கதவில் டேப் போட்டு ஒட்டிய தாள்: விடுமுறை. உள்ளே ஒருவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டினேன், தாளைக் கைகாட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். தாளில் எழுதியிருந்த மாற்று டாக்டரிடம் போன் போட்டால், புது நோயாளிகளுக்கு இடமில்லை. சரி, சிகிச்சையையாவது தொடங்கலாம் என்று பிசியோ பகுதிக்குப் போனால், கூர் டாக்டரின் சீட்டு இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, விதி அதுதான். குடும்ப டாக்டர் எழுதியது ஊர் வருவதற்கு மட்டுமே. அங்கே என்ன செய்வது என்று எழுத வேண்டியவர் கூர் டாக்டர்.

ஆக, லீவும் போகிறது, அறை வாடகையும் போகிறது, நான் ஆற்றங்கரை பெஞ்சில். பாறைக்கு அடியிலிருந்து 35 முதல் 41 டிகிரி வரை சூடாக வெந்நீர் வரும் ஊரில், என் முதுகுக்கு அந்த நீரில் அனுமதியில்லை. காசு கொடுத்து யாரும் போகிற குளியல் அரண்மனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1847இல் கட்டி முடித்த அருமையான கட்டடம், மூரிஷ் பாணி வளைவுகளும் வண்ண ஓடுகளுமாக. போனேன்தான். ஆனால் அது சிகிச்சைக் கணக்கில் சேராது, டிக்கெட்டும் திரும்பக் கிடைக்காது. நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சௌனா (வெப்ப அறை) பகுதியில் உடம்பில் துணி கூடாது, ஆண் பெண் எல்லாரும் ஒன்றாகத்தான். உள்ளே நுழைந்து திகைக்காமல் வாசல் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள்.

1856இல் இசையமைப்பாளர் ரோசினி உடம்பும் மனமும் நொந்து இங்கே வந்து தேறிப் போனார் என்று ஊரே பெருமைப்படுகிறது. 1989 முதல் அவர் பெயரில் விழாவும் நடக்கிறது. அவரிடம் யாரும் மூஸ்டர் 25 கேட்டிருக்க மாட்டார்கள்.

காப்பாற்றியது வீட்டுக்கார அம்மா. "போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். காலையில் கதவு திறக்கும்போது நேரில் போய் நில்லுங்கள், இன்சூரன்ஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இடமில்லை என்று சொன்ன அதே மாற்று டாக்டரிடம் விடிந்ததும் போய் நின்றேன். முன்மேசைப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். கூர் சீட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், "ஒருவர் ரத்து செய்திருக்கிறார், உட்காருங்கள்" என்றாள். டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்து, நீர்ப் பயிற்சி, சூடான சேற்றுப் பற்று, மசாஜ் என எழுதித் தந்தார். அன்றைக்கு வெளியே வரும்போது எனக்கு நடை கொஞ்சம் துள்ளலாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதுகுக்கும் உண்மையிலேயே குணம் தெரிந்தது. மதியங்களில் 1908 முதல் ஓடும் மலை ரயிலில் சோமர்பெர்க் உச்சிக்குப் போவேன். அங்கே 380 மீட்டர் நீளத் தொங்கு பாலமும், மரங்களின் தலைக்கு மேலே நடக்கிற பாதையும் இருக்கின்றன. பாதை முடிவில் 40 மீட்டர் உயரக் கோபுரம். அதிலிருந்து சறுக்கி இறங்கலாம். டாக்டர் விரலை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

விருந்தினர் அட்டையை அறை எடுத்த அன்றே வாங்கிவிடுங்கள். ஊர் வரி கட்டியதற்கு அதுதான் சாட்சி, கருங்காட்டுப் பேருந்து, உள்ளூர் ரயில்களில் அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். கிளம்பும்போது குப்பையில் போடாதீர்கள். அறை பில்லில் உங்கள் முழுப் பெயர், தங்கிய தேதிகள், ஊர் வரி தனி வரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என் பில்லில் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள், இன்சூரன்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நல்லவேளை, வீட்டுக்கார அம்மா ஒரு போனுக்கே புது பில் எழுதித் தபாலில் போட்டார்.

அதையும் அனுப்பியாகிவிட்டது. 16 யூரோ கணக்கு இன்னும் வந்தபாடில்லை. அடுத்த வாரமும் வராவிட்டால், கதவு திறக்கும் நேரத்துக்கு நேரில் போய் நிற்பதாக இருக்கிறேன்.