நெஞ்சில் ஒரு காகச் செட்டை

கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய பார்சலில், சொக்லேட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பெட்டி. திறந்தால் கறுத்த இறகு ஒன்று. வெள்ளி விளிம்பு, கீழே மெல்லிய சங்கிலி. கோட்டில் குத்துகிற புரோச்சாம். ‘ஒஸ்காருக்கு வாற நடிகர்மாரே இப்ப இதைக் குத்திக்கொண்டுதான் வருகினம்’ என்று வொய்ஸ் மெசேஜ் வேறு.

கிளிநொச்சியில் ஒஸ்காருக்கு எங்கே போவது? சித்தப்பாவின் மகளுடைய கலியாணம்தான் கைக்கு வந்தது.

கோட்டின் இடப்பக்கக் கழுத்துமடிப்பில் ஒரு துளை இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒருகாலத்தில் குளிருக்குக் கழுத்துவரை மூடிப் பூட்ட வைத்தது, பிறகு பூச்செருகும் இடமாகிவிட்டது. அதில் ஊசியை விட்டுவிட்டுப் பின்பக்கப் பூட்டைத் தேடினால் காணோம். கட்டிலுக்கு அடியிலும் இல்லை. மகள் தன் அழிறப்பரில் ஒரு மூலையை வெட்டித் தந்தாள். ஸ்ட்ரோபெரி வாசம் அடிக்கிற வகை. குத்தினேன், நின்றது.

அம்மா பார்த்துவிட்டு, “காகம் செட்டையை விட்டிட்டுப் போட்டுதோ?” என்றா.

மண்டப வாசலில் ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். “தம்பி, ஆற்ற செத்தவீட்டால வாறீர்?” உள்ளே போனால் இன்னொருவர், “இண்டைக்கு என்ன போராட்டம்?” என்றார். அவர்களில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளையின் நெஞ்சில் கறுப்பு ஏறினால் இரண்டில் ஒன்றுதான். மற்றப்படி பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவர் சின்னம், விளையாட்டுப் போட்டியில் பிரதம விருந்தினரின் றிபன் பூ. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணமே இல்லாமல் ஒருவன் குத்திக்கொண்டு வந்தால் சனத்துக்கு அந்தரமாக இருக்கிறது.

மதித்தவர் ஒரே ஒருவர், பென்சன் எடுத்த வரலாற்று வாத்தியார். “1933இல நவம்பர் 11க்கு, முதலாம் உலகப்போரில செத்த படையினரின்ர நினைவா, பொப்பிப் பூ வித்த காசில பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகுது எண்டு, இஞ்சத்தை இளைஞர்கள் போட்டிக்குச் சூரியமல் வித்துக் குத்தினவை. சூரியமல் எண்டா என்ன? உன்ர வேலியில நிக்கிற பூவரசு!” இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத்தான் பூவரசு என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

நிமிர்த்தியதுதான் வினை. வியர்த்து ஊற்ற ஊற்றக் கோட்டோடு நிற்கிறவன் மண்டபத்து மனேஜராகத்தான் இருக்கவேண்டும் என்று பந்தியில் முடிவாகிவிட்டது. “தம்பி, இந்தப் பக்கம் பாயாசம் வரேல்லை.” மறுக்க மனம் வரவில்லை. வாளியைத் தூக்கினேன். நாலாவது இலையில் குனிந்தபோது ஏதோ இளகிய மாதிரி இருந்தது. ஒரு சின்ன ‘சளக்’.

வாளிக்குள் எட்டிப் பார்த்த மாமி, மண்டபம் அதிரக் கத்தினா: “ஐயோ, பாயாசத்துக்குள்ள காகச் செட்டை! மனேஜரைக் கூப்பிடுங்கோ!”

பந்தி முழுக்க என்னைக் கை காட்டியது.

இறகை அகப்பையால் எடுத்துவிட்டேன். அழிறப்பர் துண்டு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பொடியன், பாயாசத்தில் ஸ்ட்ரோபெரி போட்டிருக்கிறார்கள் என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.